மேல தொங்குற ப்ரொஜெக்டர் ஆன் ஆகலையா? கழட்டுறதுக்கு முன்னாடி அந்தச் சின்ன லைட்டைப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு பள்ளிக்கூடத்துல அறிவியல் டீச்சரா இருக்கேன், உங்க பேப்பரை ரொம்ப வருஷமா படிக்கிறேன், ஆனா கடிதம்னு எழுதுறது இதுதான் முதல் தடவை. எழுத வந்த விஷயம் பாக்குறதுக்குச் சின்னதாத் தெரியும், சீலிங்ல தலைகீழா மாட்டியிருக்கிற ப்ரொஜெக்டர் திடீர்னு ஒரு நாள் ஆன் ஆகலன்னா என்ன செய்யணும்ங்கறதுதான். கிளாஸ் ரூம், மீட்டிங் ரூம், ஆபீஸ், வீடுன்னு இப்போ பல இடத்துல மேல ஒண்ணு தொங்குது. அது வேலை செய்யாமப் போனா முக்காவாசிப் பேர் ரிமோட்டை நாலு தடவை அமுக்கிப் பாத்துட்டு "போச்சு"ன்னு சொல்லி விட்டுடறாங்க. நாங்களும் அதைத்தான் செஞ்சோம். அதுல நாலு மாசம் வீணாப்போச்சு, அதை விட மோசம், அந்த நாலு மாசமும் எங்க தலைக்கு மேல ஒரு ஆபத்து உக்காந்திருந்தது எங்க யாருக்குமே தெரியல.

நடந்ததை அப்படியே சொல்றேன். எங்க ஹால்ல இருந்த ப்ரொஜெக்டர் ஒரு நாள் காலையில ஆன் ஆகல. முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் நல்லா ஓடினதுதான். ரிமோட்டை அமுக்கினா சத்தமும் இல்ல, வெளிச்சமும் இல்ல. ஆளைக் கூப்பிட்டோம், வந்தவரு கீழ நின்னு அண்ணாந்து பாத்தாரு, ரிமோட்டை வாங்கி ரெண்டு தடவை அமுக்கினாரு, "உள்ள போர்டு போயிடுச்சு மேடம், இது பழைய மாடல், ஸ்பேர் கிடைக்காது, புதுசு வாங்கிடுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. ஏணி போட்டுக்கூடப் பாக்கல. விஷயம் தெரிஞ்சவரு சொல்றாரேன்னு நாங்களும் நம்பிட்டோம். புதுசு வாங்கணும்னா அதுக்கு அனுமதி, கையெழுத்து, காத்திருப்புன்னு நாள் ஓடிட்டே இருந்துச்சு. செல் பிரியறதை அசையற படமாக் காட்டினா பசங்களுக்கு ஒரே பீரியட்ல புரிஞ்சிடும், அதை நான் கலர் சாக்பீஸ்ல ஒவ்வொரு கட்டமா வரைஞ்சு காட்டினேன், கடைசி பெஞ்ச்ல இருக்கிற பிள்ளைங்களுக்கு அந்தக் குரோமோசோம் கோடெல்லாம் கண்ணுக்கே தெரியல. பரீட்சைப் பேப்பர்ல அந்தக் கேள்விக்கு அவங்க எழுதின பதிலைப் பாத்தப்போ மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு.

அப்புறம் ட்யூப்லைட் மாத்த வந்த ஒரு எலக்ட்ரீஷியன், வயசான மனுஷன், தன் வேலைக்காக ஃபால்ஸ் சீலிங்ல ஒரு பலகையைத் தூக்கினாரு. தூக்கினவரு அப்படியே நின்னுட்டாரு. "டீச்சரம்மா, மெயினை ஆஃப் பண்ணிட்டு வாங்க"ன்னு அங்கேர்ந்தே கூப்பிட்டாரு. உள்ள ஒரு சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், எதுலயும் ஸ்க்ரூ பண்ணாம சும்மா சரிஞ்சு கிடந்துச்சு, அதுலதான் ப்ரொஜெக்டரோட ப்ளக்கைச் சொருகியிருந்திருக்காங்க. ப்ளக் பாதி வெளியில வந்து தொங்குது. அவரு கழட்டி என் கையில குடுத்தாரு, மூணு பின்னுல ஒண்ணு அடிவரைக்கும் கறுத்துப்போயிருந்துச்சு, அதைச் சுத்தி இருந்த பிளாஸ்டிக் இளகி ஓடி மறுபடி இறுகினது அப்படியே தெரிஞ்சுது, மூக்குகிட்ட கொண்டுபோனா கருகின வாடை. சுவத்துல ஸ்விட்ச் அந்த நாலு மாசமும் ஆன்லயே இருந்திருக்கு. அவரு அந்தப் பாக்ஸைத் தூக்கிப் போட்டுட்டு, ப்ரொஜெக்டர் பக்கத்துலயே நிலையா ஒரு ப்ளக் பாயிண்ட் வெச்சு, புது பவர் கார்டு சொருகினாரு. ஸ்விட்சைப் போட்டதும் ப்ரொஜெக்டர்ல ஒரு ஆரஞ்சு லைட் எரிஞ்சுது பாருங்க, எனக்குச் சந்தோஷத்தை விட பயம்தான் முதல்ல வந்துச்சு. அந்தச் சீலிங்குக்குக் கீழதானே பிள்ளைங்க தினமும் உக்காந்திருந்தாங்க.

அன்னைக்கு அவரு என்கிட்ட கேட்ட முதல் கேள்வியைத்தான் நான் எல்லாருக்கும் சொல்லணும்னு இதை எழுதுறேன். "இதுல லைட்டு எரிஞ்சுதா இல்லையான்னு யாராவது பாத்தீங்களா?" யாருமே பாக்கல. கரண்ட் வர்ற ப்ரொஜெக்டர்ல, ஓடாம சும்மா இருக்கிறப்பகூட, பெரும்பாலும் ஒரு சின்ன இண்டிகேட்டர் எரிஞ்சுட்டு இருக்கும். அதைத்தான் ஸ்டாண்ட்பைன்னு சொல்றாங்க. கம்பெனிக்குக் கம்பெனி அது சிவப்பு, ஆரஞ்சு, நீலம்னு மாறும், நிறத்தை வெச்சுக் குழம்ப வேண்டாம், எரியுதா இல்லையாங்கறதுதான் கேள்வி. ரூம் லைட்டை அணைச்சுட்டு நேரா அதுக்கு அடியில நின்னு அண்ணாந்து பாருங்க, தெரியலன்னா போன் கேமராவுல ஜூம் பண்ணிப் பாருங்க, ஏணி எதுவும் இப்போ வேண்டாம். சுத்தமா ஒரு லைட்டும் இல்லன்னா ப்ரொஜெக்டரைத் திட்டறதுக்கு முன்னாடி கரண்ட் அது வரைக்கும் போகுதான்னு தேடணும். லைட் எரியுது ஆனா ஆன் ஆக மாட்டேங்குதுன்னா கரண்ட் வந்துடுச்சு, வேற ஏதோ ஒண்ணு தடுக்குது. இந்த ரெண்டும் முழுக்க வேற வேற வழி, இதைப் பிரிச்சுப் பாக்காம ரிப்பேர்னு இறங்கறதாலதான் நல்லா இருக்கிற மெஷின் எல்லாம் மூலைக்குப் போகுது.

லைட் இல்லாத கேஸை முதல்ல சொல்றேன். மேஜை மேல இருக்கிற சாமான்னா வயர் கண்ணு முன்னாடியே இருக்கும், மேல தொங்குறதுக்கு அப்படி இல்ல, கரண்ட் எங்கேர்ந்து எந்த வழியா போகுதுன்னு மாட்டினவருக்கு மட்டும்தான் தெரியும். பல இடத்துல ப்ரொஜெக்டருக்குன்னு சுவத்துல தனி ஸ்விட்ச் வெச்சிருப்பாங்க, அதுல பேர் எழுதியிருக்க மாட்டாங்க, யாரோ ஒருத்தர் ஃபேன் ஸ்விட்ச்னு நெனைச்சு ஆஃப் பண்ணிட்டுப் போயிருப்பாங்க. அதனால ரூம்ல இருக்கிற ஒவ்வொரு ஸ்விட்சையும் ஒண்ணொண்ணாப் போட்டுப் பாத்து, ஒவ்வொண்ணுக்கும் மேல லைட் வருதான்னு ஒருத்தர் நின்னு பாக்கணும். அடுத்தது டிபி பாக்ஸ், அதாவது மொத்த இடத்துக்கும் கரண்டைப் பிரிச்சு விடற பெட்டி, அதுல எம்சிபிங்கற தானா அணையற ஸ்விட்ச் எதாவது கீழ விழுந்திருக்கா பாருங்க, ஒரு தடவை மேல தூக்கலாம், உடனே திரும்ப விழுந்துச்சுன்னா அதோட விட்டுட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடணும், திரும்பத் திரும்பத் தூக்கிப் போடறது ரொம்பத் தப்பு, அது விழறதே ஷார்ட்டோ ஓவர்லோடோ ஏதோ கோளாறு இருக்குன்னு சொல்றதுக்குத்தான். நடுவுல ஸ்டெபிலைசரோ யூபிஎஸ்ஸோ இருந்தா அதுல லைட் எரியுதான்னு பாக்கணும், யூபிஎஸ் பேட்டரி செத்துப்போனா சிலது கரண்ட் இருந்தாலும் வெளிய குடுக்காது. சில நாட்டு ப்ளக்குக்குள்ளயே ஒரு குட்டி ஃபியூஸ் இருக்கும், அது போயிருந்தாலும் மெஷின் செத்த மாதிரியேதான் இருக்கும். இதெல்லாம் சரின்னா கடைசியா பவர் கார்டு. கம்ப்யூட்டர் சிபியூவுக்குச் சொருகுற அதே மூணு பின்னு கார்டுதான் பெரும்பாலான ப்ரொஜெக்டருக்கும், ரொம்பச் சின்ன மாடலுக்கு எட்டு வடிவத்துல ரெண்டு பின்னு கார்டு வரும். தலைகீழா மாட்டுறப்போ அந்தக் கார்டோட எடை முழுக்க ப்ளக்கைப் பிடிச்சு இழுத்துட்டே இருக்கும், உள்ள இருக்கிற ஃபேன் ஓடறதுல மெஷின் கொஞ்சம் அதிரும், நாளாக ஆக கார்டு ஒரு நூல் அளவுக்கு வெளிய வந்துடும். வெளியிலேர்ந்து பாத்தா சொருகியிருக்கிற மாதிரியேதான் தெரியும். ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு நல்லா அழுத்தமாச் சொருகினாலே உயிர் வந்துடற மெஷின் நெறைய.

இங்க டெஸ்டரைப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும், அறிவியல் டீச்சரா எனக்கே இது அன்னைக்குத்தான் மண்டையில ஏறுச்சு. நம்ம எல்லாரும் ப்ளக் பாயிண்ட்ல கரண்ட் இருக்கான்னு பாக்க ஸ்க்ரூ ட்ரைவர் மாதிரி இருக்கிற நியான் டெஸ்டரைத்தான் வைக்கிறோம். அது எரிஞ்சா கரண்ட் இருக்குன்னு முடிவு பண்ணிடறோம். ஆனா அந்த டெஸ்டர் ஃபேஸ், அதாவது கரண்ட் வர்ற வயர், உயிரோட இருக்கான்னு மட்டும்தான் சொல்லும், நம்ம உடம்பு வழியா போற ரொம்பக் குட்டிக் கரண்ட்லயே அந்த நியான் எரிஞ்சிடும். கரண்ட் திரும்பிப் போற நியூட்ரல் வயர் எங்கயாவது அறுந்திருந்தாலோ கழண்டிருந்தாலோ டெஸ்டர் நல்லா பளிச்சுன்னுதான் எரியும், ஆனா அதுல எந்தச் சாமானும் ஓடாது. "பாயிண்ட்ல கரண்ட் வருது, அப்போ மெஷின்தான் போச்சு"ன்னு தப்பா முடிவு பண்றது இங்கதான். அதே பாயிண்ட்ல ஒரு டேபிள் லேம்பையோ வேற ஏதாவது ஓடற சாமானையோ சொருகிப் பாத்தா உண்மை தெரிஞ்சிடும். மல்டிமீட்டர் வெச்சுப் பாக்கத் தெரிஞ்சவங்க ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல வோல்ட்டேஜ் பாக்கணும், ஆனா சீலிங் உயரத்துல அதை எலக்ட்ரீஷியன் செய்யறதுதான் சரி.

இன்னொரு ஏமாத்து வேலை லூஸ் கான்டாக்ட் பண்ணும். ஸ்டாண்ட்பைல இருக்கிறப்போ ப்ரொஜெக்டர் இழுக்கிற கரண்ட் ரொம்பக் கம்மி, ஓட ஆரம்பிச்சா பல மாடல் 200லேர்ந்து 400 வாட் வரைக்கும் இழுக்கும். ஜாயிண்ட் கறுத்துப்போயி ஏதோ பேருக்கு ஒட்டிட்டு இருந்தா குட்டி லைட் எரியற அளவுக்குக் கரண்ட் போயிடும், ஆன் பட்டனை அமுக்கினதும் ஃபேன் ஒரு சுத்து சுத்தும், லேம்ப் பிடிக்கப் போற நேரத்துல எல்லாம் ஒரேயடியா அணைஞ்சிடும். எங்க ஹால்லயும் முழுசா நிக்கறதுக்கு முந்தின வாரம் ரெண்டு தடவை இப்படி ஆச்சு, அதை நாங்க "வோல்ட்டேஜ் சரியில்ல போல"ன்னு விட்டுட்டோம். அப்போவே ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு யாரையாவது மேல ஏத்திப் பாத்திருந்தா அந்த ப்ளக் கருகியிருக்காது. ஆன் பண்ற நேரத்துல மொத்தமா அணைஞ்சு இண்டிகேட்டரும் சேர்ந்து போச்சுன்னா ஜாயிண்ட் மேல சந்தேகப்படுங்க, அது ரிப்பேர் விஷயம் மட்டும் இல்ல, நெருப்பு விஷயம்.

நல்ல பாயிண்ட், நல்ல கார்டு, இருந்தும் ஒரு லைட்டும் வரலன்னா கார்டைக் கழட்டி ஒரு பத்து நிமிஷம் விட்டுட்டு மறுபடி சொருகிப் பாக்கலாம், சில சமயம் உள்ள இருக்கிற போர்டு குழம்பி நின்னிருந்தா அதுல தெளிஞ்சிடும். அதுக்கும் வரலன்னாதான் உள்ள பவர் சப்ளை போயிருக்க வாய்ப்பு, அது சர்வீஸ்காரங்க வேலை.

இப்போ ரெண்டாவது வழி, லைட் எரியுது, ஆனா ஆன் ஆகல. முதல் சந்தேகம் ரிமோட் மேலதான் வரணும், ஏன்னா மேல தொங்குறதுக்கு நம்ம கை எட்டாது, நாம பேசறதே ரிமோட் வழியாதான். பேட்டரியை மாத்துங்க, பழசுல ஒண்ணு புதுசுல ஒண்ணுன்னு கலக்காதீங்க. அப்புறம் ரிமோட்டோட முனையைப் போன் கேமராவுக்கு நேரா பிடிச்சு பட்டனை அமுக்குங்க, ஸ்க்ரீன்ல ஊதா கலந்த வெள்ளையா ஒரு புள்ளி மினுக்கும், அது கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் ஒளி, கேமராவுக்குத் தெரியும். சில போன்ல பின் கேமரா அதை வடிகட்டிடும், செல்ஃபி கேமராவுல பாருங்க. புள்ளி வந்தா ரிமோட் நல்லா இருக்கு. ப்ரொஜெக்டர்ல அந்த ஒளியை வாங்கற கண்ணாடி சில மாடல்ல முன்னாடி மட்டும் இருக்கும், சிலதுல பின்னாடியும் இருக்கும், அதனால ஸ்க்ரீன் பக்கம் போய் நின்னு மெஷினைப் பாத்து அமுக்கிப் பாருங்க. அந்தக் கண்ணாடி மேல நேரா வெயில் விழுந்தாலோ பக்கத்துலயே பளிச்சுன்னு ட்யூப்லைட் இருந்தாலோ ரிமோட் சிக்னல் அதுக்குத் தெரியாது, லைட்டை அணைச்சுட்டு ஒரு தடவை பாக்கணும். இதுக்கெல்லாம் மசியலன்னா மெஷின் மேலயே இருக்கிற பவர் பட்டனை அமுக்கிப் பாக்கணும், ஆளு ஏறணும்னு அவசியம் இல்ல, உயரம் கம்மியா இருந்தா ரப்பர் முனை வெச்ச ஒரு மரக்குச்சி போதும், மெதுவா அமுக்கணும். அதுவும் கேக்கலன்னா பட்டன் லாக் ஆகியிருக்கான்னு பாருங்க, பசங்க கை வெக்காம இருக்கறதுக்காக பட்டனை எல்லாம் பூட்டற செட்டிங் பல மாடல்ல இருக்கு, யாரோ எப்பவோ போட்டு வெச்சது இன்னைக்கு நம்மளைச் சுத்தல்ல விடும். எப்படி எடுக்கணும்னு அந்த மாடலோட மேனுவல்ல இருக்கும்.

ஸ்டாண்ட்பை லைட்டோட பக்கத்துல இன்னும் ஒண்ணு ரெண்டு இண்டிகேட்டர் இருக்கும், ஒண்ணு லேம்புக்கு, ஒண்ணு சூட்டுக்கு. அது எரியறதும் மினுக்கறதும் மெஷின் நம்மகிட்ட பேசற பேச்சு. எத்தனை தடவை மினுக்குது, எந்த நிறம்னு போன்ல வீடியோ எடுத்து வெச்சுக்கோங்க, மேனுவல்ல அந்தக் கணக்குக்கு என்ன அர்த்தம்னு ஒரு அட்டவணையே போட்டிருப்பாங்க. ஒரு மாடல் கணக்கை இன்னொரு மாடலுக்குப் போட்டுப் பாக்காதீங்க, எல்லாம் வேற வேற.

இதுல ரொம்பப் பேருக்குத் தெரியாத ஒண்ணு லேம்ப் மூடி. லேம்பு மாடல்ல அந்த லேம்பை மூடற கதவுக்கு உள்ள ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும், மூடி சரியா உக்காந்து அதை அமுக்கினாதான் மெஷின் ஆன் ஆகும். லேம்பைப் பிடிக்க வைக்கறதுக்கு பல ஆயிரம் வோல்ட் போகும், மூடி திறந்திருக்கிறப்போ யாரும் கையை வெச்சிடக் கூடாதுன்னு வெச்ச பாதுகாப்பு அது. மேஜை மேல இருக்கிறப்போ மேல் பக்கம் இருக்கிற மூடி, தலைகீழா மாட்டினதும் கீழ பாத்துடும், ஸ்க்ரூ கொஞ்சம் லூசானா போதும், மூடி தன் எடையிலேயே லேசா இறங்கி அந்த ஸ்விட்சை விட்டுடும். லேம்பு மாத்தின மறுநாள், இல்ல சுத்தம் பண்ணின மறுநாள் ஆன் ஆகலன்னா வேற எதையும் தேடாதீங்க, மெயினை அணைச்சுட்டு அந்த மூடி ஸ்க்ரூவை இறுக்குங்க. தூசியைத் தடுக்கிற ஃபில்டரோட மூடிக்கும் சில மாடல்ல இதே மாதிரி ஸ்விட்ச் உண்டு.

லேம்பே தீர்ந்துபோயிருந்தா ஆன் பண்ணினதும் ஃபேன் ஓடும், உள்ள டிக் டிக்னு சில தடவை முயற்சி பண்ற சத்தம் கேக்கும், வெளிச்சம் வராம லேம்ப் இண்டிகேட்டர் எரிஞ்சு நின்னுடும். பழைய லேம்புப் ப்ரொஜெக்டர்ல இருக்கறது சாதாரண பல்பு இல்லைங்க, 1990-கள் நடுவுல ஃபிலிப்ஸ் கொண்டுவந்த வகை, குவார்ட்ஸ் கண்ணாடிக்குள்ள பாதரச ஆவி, ஓடறப்போ உள்ள அழுத்தம் நம்ம காத்தோட அழுத்தத்தை விட 200 மடங்கு கிட்ட போகும், கண்ணாடி 1,000 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடாகும். அது மாடலைப் பொறுத்து 2,000லேர்ந்து 5,000 மணி நேரம் வரைக்கும் வரும். சூடா இருக்கிறப்போ அணைச்சு உடனே ஆன் பண்ணினா திரும்பப் பிடிக்காது, ஆறினாதான் பிடிக்கும், அதனால கரண்ட் போயிட்டு வந்த உடனே ஆன் ஆகலன்னு பதறாம கால் மணி நேரம் பொறுத்துப் பாருங்க. பல பழைய மாடல்ல அணைச்ச அப்புறமும் ஃபேன் கொஞ்ச நேரம் ஓடி லேம்பை ஆத்தும், நாம வேலை முடிஞ்சதும் சுவத்து ஸ்விட்சை டப்புனு அணைச்சிடறோம், ஃபேன் நின்னுடுது, சூடு உள்ளயே அடைஞ்சு லேம்போட ஆயுசு குறையுது. எங்க ஹால்ல வருஷக்கணக்கா இதைத்தான் செஞ்சிருக்கோம், ஃபேன் நிக்கற வரைக்கும் காத்திருக்கணும்னு யாரும் எங்களுக்குச் சொல்லித் தரல. புது லேசர் மாடல்ல லேம்பே கிடையாது, நெறைய மாடல் 20,000 மணி நேரம்னு கணக்கு சொல்றாங்க, அதுல இந்தத் தொந்தரவு இல்ல.

சூட்டு இண்டிகேட்டர் எரிஞ்சா ஃபில்டரைப் பாருங்க. ரூம்ல இருக்கிற சூடான காத்து மேலதான் போய் நிக்கும், ப்ரொஜெக்டரும் அங்கதான் இருக்கு, பல மாடல் 35 இல்ல 40 டிகிரி வரைக்கும்தான் தாங்கும்னு மேனுவல்லயே போட்டிருக்கும். அதோட ஃபில்டர்ல தூசி அடைஞ்சுட்டா மெஷின் மூச்சு முட்டி தன்னைத்தானே அணைச்சுக்கும், ஆறாத வரைக்கும் ஆன் ஆகாது. எங்க ஃபில்டரை முதல் தடவை கழட்டினப்போ சாம்பல் நிறத்துல ஒரு கம்பளித் துண்டு மாதிரி தூசி அப்படியே உரிஞ்சு வந்துச்சு, அதுக்குப் பின்னாடி சல்லடையே தெரியல. சாக்பீஸ் தூசி இருக்கிற ரூம்ல இது ரொம்பச் சீக்கிரம் அடைக்கும். வேக்யூம் வெச்சு மெதுவா உறிஞ்சி எடுக்கலாம், தண்ணியில கழுவலாமாங்கறது மாடலைப் பொறுத்தது, கேட்டுட்டுச் செய்யணும். ஃபில்டரை எடுத்துட்டு "இப்போ காத்து நல்லா போகும்"னு அப்படியே ஓட்டறவங்களைப் பாத்திருக்கேன், தயவு செஞ்சு செய்யாதீங்க, அந்தத் தூசி முழுக்க உள்ள இருக்கிற கண்ணாடிங்க மேலயும் ஃபேன் மேலயும் போய் உக்காரும்.

இன்னொண்ணு, ஆன் ஆகியும் ஆகலன்னு நெனைக்கிறது. லென்ஸ் மூடி மூடியிருக்கலாம், படத்தை மறைக்கிற மியூட் பட்டன் அமுங்கியிருக்கலாம். ஃபேன் சத்தம் கேக்குதா, காத்து வர்ற பக்கம் சூடா வருதான்னு கவனிச்சாலே தெரிஞ்சிடும். லென்ஸுக்குள்ள எட்டி மட்டும் பாக்காதீங்க, திடீர்னு ஆன் ஆச்சுன்னா கண்ணுக்கு ஆபத்து.

இதுவரைக்கும் சொன்னதுல முக்காவாசி தரையில நின்னே பாக்கக் கூடியது. ஏறணும்னு வந்துச்சுன்னா அதுக்கு நல்ல ஏணி, ஏணியைப் பிடிக்க இன்னொருத்தர், மெயின் ஆஃப், இந்த மூணும் இல்லாம ஏறவே கூடாது. பெஞ்ச் மேல நாற்காலியைப் போட்டு அது மேல உயரமான பையனை ஏத்தி விடறதைப் பல பள்ளிக்கூடத்துல பாத்திருக்கேன், எனக்கு வயித்தைப் பெசையும். அந்தப் பையன் கை வெக்கிற இடத்துல கரண்டும் இருக்கு, எடையும் இருக்கு. லேம்பு மாத்தறப்போ நேரா அடியில நிக்கக் கூடாது, பக்கவாட்டுல நிக்கணும், லேம்பு ஏற்கெனவே உள்ள விரிசல் விட்டிருந்தா மூடியைத் திறந்ததும் கண்ணாடித் துண்டு முகத்துல கொட்டும், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கணும். லேம்பு டொப்புனு வெடிச்ச சத்தம் கேட்டா ஜன்னலைத் திறந்துட்டுப் பிள்ளைங்களை வெளிய அனுப்பிடுங்க, உள்ள பாதரசம் இருக்கு. மெஷின் உடம்பைத் திறக்கிறதைப் பத்தி நெனைக்கவே வேண்டாம், ப்ளக்கைக் கழட்டின அப்புறமும் உள்ள கரண்டைச் சேத்து வெச்சிருக்கிற கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல கொஞ்ச நேரம் நிக்கும். மேல மாட்டற இடத்துல ஸ்க்ரூ கழண்டுடக் கூடாதேன்னு கம் தடவறதும், எண்ணெய் விடறதும் கூடாது, சில பிளாஸ்டிக் அதுல விரிசல் விட்டு மெஷினே கீழ விழுந்துடும்.

ஆளைக் கூப்பிடறப்போ சும்மா "ஆன் ஆகல"ன்னு மட்டும் சொல்லாதீங்க. மாடல் நம்பர் என்ன, லைட் எரியுதா, எத்தனை தடவை மினுக்குது, ஃபேன் ஓடுச்சா, ஓடறப்போ நின்னுச்சா இல்ல காலையில வந்து போட்டப்போ நின்னிருந்துச்சா, வேற சாமான் அந்தப் பாயிண்ட்ல ஓடுதான்னு எழுதி வெச்சு சொல்லுங்க. அப்படிச் சொன்னா ஏமாத்த நெனைக்கிறவருக்கும் தைரியம் வராது, நல்ல மெக்கானிக்குக்கு சரியான பார்ட்டோட வர வசதியா இருக்கும். கீழ நின்னு பாத்துட்டு "போர்டு போச்சு"ன்னு ஒருத்தர் சொன்னா, "எப்படிப் பாத்தீங்க, வேற கார்டு போட்டுப் பாத்தீங்களா"ன்னு தயங்காமக் கேளுங்க. நான் அன்னைக்குக் கேக்கல, அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கு.

உங்க பேப்பர் மூலமா இதை மாட்டறவங்ககிட்டயும், மாட்டச் சொல்றவங்ககிட்டயும் ஒரு வேண்டுகோள். ஃபால்ஸ் சீலிங்குக்குள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வெக்காதீங்க. அங்க என்ன சூடாகுது, என்ன கருகுதுன்னு யாருக்கும் தெரியாது. மெஷின் பக்கத்துல நிலையான ப்ளக் பாயிண்ட், அதுக்குத் தனி ஸ்விட்ச், ஸ்விட்சுக்குப் பேர். கார்டை இழுக்காத மாதிரி ஸ்டாண்ட்ல ஒரு கேபிள் டை போட்டுக் கட்டுங்க, ஸ்டாண்ட் விட்டாலும் கீழ விழாம பிடிச்சுக்க மெஷினுக்கு ஒரு சேஃப்டி வயரும் போடுங்க. மாட்டறதுக்கு முன்னாடி அடியில ஒட்டியிருக்கிற மாடல் நம்பர், சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்து ஆபீஸ்ல குடுங்க, தலைகீழா மாட்டின அப்புறம் அந்த ஸ்டிக்கர் சீலிங்கைப் பாத்துடும், யாராலயும் படிக்க முடியாது. பள்ளி நடத்தறவங்க வருஷத்துக்கு ஒரு தடவையாவது லீவு நாள்ல ஒரு எலக்ட்ரீஷியனை வெச்சு மேல இருக்கிற ஒவ்வொரு ப்ளக்கையும் கழட்டிப் பாக்கச் சொல்லுங்க, பின்னு கறுத்திருக்கான்னு பாக்க ரொம்ப நேரம் ஆகாது.

எங்க ஹால்ல இப்போ ஸ்விட்சுக்கு மேல ஒரு சீட்டு ஒட்டியிருக்கோம். "இது ப்ரொஜெக்டர் ஸ்விட்ச். ஃபேன் நின்ன அப்புறம் அணைக்கவும். ஆன் ஆகலன்னா முதல்ல ஆரஞ்சு லைட் எரியுதா பாக்கவும்." எட்டாம் கிளாஸ் பொண்ணு ஒருத்தி அழகான கையெழுத்துல எழுதினது. போன வாரம் ஒரு நாள் ஆன் ஆகாம நின்னப்போ அவளே ஓடி வந்து "மிஸ், லைட் எரியுது, ரிமோட் பேட்டரியா இருக்கும்"னு சொன்னா. பேட்டரிதான்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
ஒரு அறிவியல் ஆசிரியை